மெலிந்த லாப்ரடோரும் நானும்

நான் செய்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இந்தச் சுவிஸ் நாட்டில் வந்து இறங்கியபோது டொச், அதுதான் இவர்களுடைய ஜெர்மன் பாஷை, ஒரு சொல்லும் தெரியாது. ஓர் உணவகத்தின் பின்கட்டில் நான்கு வருடம் சட்டி கழுவினேன். பிறகு ஒரு வாளி, ஒரு துடைப்பம், கதவு சரியாகப் பூட்டாத ஒரு பழைய வான் வண்டி. அதிலிருந்து சூக் நகரத்தில் பதினான்கு பேர் வேலை செய்கிற புட்ஸ் கொம்பனியை உண்டாக்கினேன். துப்புரவு வேலையை இங்கே நாங்கள் எல்லோரும் புட்ஸ் என்றுதான் சொல்வோம். வங்கிக்காரன் என்னை இரண்டு தரம் சிரித்து அனுப்பினான், மூன்றாம் தரம் எழும்பி நின்று கை தந்தான். கோயில் மடைப்பள்ளித் தட்டு முழுவதும் நான் என் கையால் அடித்தது. ஊரில் இரண்டு தங்கைமாருக்கு இரண்டு வீடு கட்டினேன். மகளைப் படிப்பித்து, பீல் நகரத்தில் கைக்கடிகாரத் தொழிற்சாலையில் நல்ல வேலையில் இருத்தினேன். இதெல்லாம் சனத்துக்குத் தெரியும். மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்திச் சொல்லியும் இருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. நான் ஒரு நாயையும் உண்டாக்கினேன். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

2009ஆம் ஆண்டின் கடைசியில் என் மனைவி காலமானாள். ஊரில் யுத்தம் முடிந்து, எங்கள் சனம் எல்லோரிடமும் அழுவதற்குக் காரணம் இருந்த வருடம் அது. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் பாதி அவளுக்காகவும் பாதி தங்கள் வீட்டுச் சாவுக்காகவும் அழுதார்கள். எட்டாம் நாளுக்கும் முப்பத்தோராம் நாளுக்கும் வந்து சாப்பிட்டார்கள். பிறகு வரவில்லை. குறை சொல்லவில்லை, எல்லோருக்கும் வேலை. மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கதைப்பாள். பீலுக்கு இரண்டு மணி நேர ரயில்தான், ஆனால் நானும் ஏறவில்லை, அவளும் ஏறவில்லை. கொம்பனியை நான் பழக்கிய ஆட்கள் நடத்தினார்கள். காலையில் அங்கே போய், எல்லாம் ஒழுங்காக நடப்பதைப் பார்த்து, என் தேவை அங்கே இல்லை என்று தெரிந்துகொண்டு திரும்பி வருவேன். அரைச் சுண்டு அரிசி போட்டாலும் சோறு மிஞ்சியது.

ஒரே ஒரு வீட்டின் வேலையை மட்டும் என் கையில் வைத்திருந்தேன். ஏரியைப் பார்த்தபடி மேட்டில் இருக்கிற வீடு. அந்த மேட்டு வீட்டு அம்மாவிடம் ஒரு லாப்ரடோர் நாய் இருந்தது. வெண்ணெய் நிறம். அகலத் தலை, பீப்பாய் போல நெஞ்சு, தடித்த குட்டைக் கால்கள், அடியில் உலக்கை மாதிரித் திரண்ட வால். கண்காட்சிகளில் பரிசு வாங்கிய நாய். அது வாங்கிய இருபத்திரண்டு கிண்ணங்களைத் தூசி தட்டுவதும் என் வேலைதான். நான் கண்ணாடி துடைக்கும்போது வந்து என் சப்பாத்தின் மேல் தலையை வைத்துப் படுத்துவிடும். அந்தப் பாரம் எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

"இதே மாதிரி ஒண்டு வாங்கினால் நாள் முழுக்க இப்பிடிப் படுத்துக் கிடக்குமோ?" என்று கேட்டேன். கேட்டது டொச்சில்தான், இங்கே என் பாஷையில் எழுதுகிறேன்.

"என்னுடையது கிடக்கும்" என்றார் அவர். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்தக் காலத்தில் முதன்முறை நாய் வாங்குகிறவர் ஒரு வகுப்புக்குப் போகவேண்டும் என்று சட்டம் இருந்தது. ஏழாம் வகுப்போடு நின்றவன், அறுபது வயதில் ஒரு நாய்க்காக மறுபடி வகுப்பு வாங்கில் இருந்தேன். பாதி விளங்கவில்லை. பத்திரம் தந்துவிட்டார்கள். தீவனக் கடைப் பலகையில் 'லாப்ரடோர் குட்டிகள்' என்று ஒரு துண்டுக் கடதாசி ஒட்டியிருந்தது. லாப்ரடோர் என்றால் லாப்ரடோர்தானே என்று நினைத்தேன். அந்தப் பெயரில் இரண்டு விதம் இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

மலைப்பக்கத்தில் ஒரு பண்ணை. பண்ணைக்காரி என் வயதுக்காரி, முழங்கால் வரைக்கும் றப்பர் சப்பாத்து, வேட்டைக்காரக் குடும்பம். "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வெளியில் நிற்பாய்?" என்று கேட்டாள். "முழு நாளும்" என்று பொய் சொன்னேன். ஒப்பந்தத்தை நீட்டினாள். வாசிக்காமலே கையெழுத்து வைத்தேன். கையெழுத்து வைப்பதில் எனக்கு ஒருநாளும் பயம் இருந்ததில்லை. நாயை வைத்திருக்க முடியாமல் போனால் அது அவளிடமே திரும்பி வரவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

பெட்டைக் குட்டி. செம்மண் நிறம். வளர வளர எனக்கு யோசனையாகிவிட்டது. கால் நீண்டது, முகம் ஒடுங்கியது, வால் கயிறு மாதிரி, நெஞ்சைக் காணவே காணோம். ஓர் இடத்தில் இராது. நான் கதிரையில் இருந்தால் முன்னால் வந்து நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். நான் பார்வையைத் திருப்பினால் போய் ஒரு சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு வரும்.

கோயில் திருவிழாவுக்கு அதையும் கூட்டிப்போய் வானில் கட்டியிருந்தேன். தமிழ்க் கடை வைத்திருக்கிறவர் வந்து சுற்றிப் பார்த்தார்.

"என்னண்ணை, ஊர்த் தெருநாயைப் பிளேனிலை ஏத்திக் கொண்டந்தனியளோ?"

"இது லாப்ரடோர்."

"ஓமோம். எங்கடை சந்தியடியிலையும் உப்பிடிக் கன லாப்ரடோர் படுத்துக் கிடந்தது. ஆரும் கணக்கெடுக்கேல்லை."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவருடைய மனைவி சிரிக்கவில்லை. "பாவமப்பா, விலா எலும்பு தெரியுது. அண்ணைக்குச் சமைக்கிறதுக்கு வீட்டிலை ஆளில்லை. நாயும் சேர்ந்து பட்டினி" என்றார்.

சிரித்ததை நான் பொறுத்தேன். இதைப் பொறுக்க முடியவில்லை. எங்கள் சனத்தில் வீட்டில் ஒரு சீவன் மெலிந்திருந்தால் அது வீட்டுக்காரனுடைய குறை. பதினான்கு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவன் வீட்டில் எலும்பு தெரிய ஒரு நாயா? அடுத்த நாளே தொடங்கினேன். காலையில் பாலில் குழைத்த சோறு. மத்தியானம் பருப்பும் நெய்யும். பின்னேரம் ஈரல், ஆட்டெலும்பு. வெள்ளிக்கிழமை வீட்டில் மச்ச மாமிசம் கிடையாது, அன்றைக்கு நெய் இரண்டு மடங்கு. பேசாமல் தின்றது. லாப்ரடோர் தின்ன மறுக்காது, அதில் இரண்டு விதமும் ஒன்றுதான். ஆறு மாதத்தில் எட்டுக் கிலோ ஏறியது. ஏறியும் நெஞ்சு அகலவில்லை, தலை பெருக்கவில்லை. வயிறு மட்டும் தொங்கியது. இரவல் சட்டை போட்ட மாதிரி இருந்தது.

மகள் ஒருநாள் பேத்தியோடு வந்தாள். நாய் வாசலிலேயே பிள்ளைமேல் பாய்ந்து நக்கியது.

"அப்பா, பிள்ளை பயப்பிடுறாள். பிடிச்சுக் கட்டுங்கோவன்!"

"கட்டினால் ஊளையிடுது, பிள்ளை."

"அப்ப ஆரிட்டையாவது குடுத்துவிடுங்கோ. உங்களுக்கு ஏன் இந்த வயசிலை இந்தக் கரைச்சல்?"

தேத்தண்ணீர் ஆறமுதல் போய்விட்டார்கள். பிறகு ஒரு வருடம் வரவில்லை. நாய்தான் காரணம் என்று அவள் சொன்னாள். நாய்க்கு முதலும் அவள் வரவில்லை என்பதை நான் சொல்லவில்லை.

நாய் நொண்டத் தொடங்கியது. மிருக வைத்தியர் விலாவில் விரலை வைத்து எலும்பைத் தேடினார். "இவ்வளவு பாரத்தைத் தாங்குகிற எலும்பு இல்லை இது" என்றார். லாப்ரடோர் என்று சொல்லி என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. நேரே நாயை மேட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது ஒரே பெயர் உள்ள மிருகங்கள் என்று ஒருவரும் நம்பமாட்டார்கள். மேட்டு வீட்டு அம்மா என் நாயை நெடுநேரம் பார்த்தார்.

"யாரும் உங்களை ஏமாற்றவில்லை" என்றார். "இவை இரண்டும் எத்தனையோ தலைமுறையாகப் பிரிந்த இரண்டு குடும்பங்கள். என்னுடையதை அழகுக்காகச் சேர்த்துச் சேர்த்து எடுத்தார்கள். நடுவர் வந்து தலையைப் பார்ப்பார், பல்லைப் பார்ப்பார், உரோமத்தைத் தடவுவார், வாலைப் பிடிப்பார். அதுவரைக்கும் அசையாமல் நிற்கவேண்டும். உங்களுடையது வேட்டைக்காரர்கள் எடுத்த குடும்பம். சுட்டு விழுந்த பறவையைப் பற்றைக்குள் தேடி, கடிக்காமல் கொண்டுவந்து கையில் கொடுக்கவேண்டும். அதற்கு நெஞ்சும் தலையும் எதற்கு? ஓடுகிற காலும், உங்களைக் கவனிக்கிற கண்ணும்தான் வேண்டும்." பிறகு சொன்னார்: "என்னுடையது உங்களைப் பார்த்தால் படுக்கும். உங்களுடையது உங்களைப் பார்த்து, அடுத்த வேலை என்ன என்று கேட்கிறது. நீங்கள் சோறு போடுகிறீர்கள்."

வீட்டுக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டு வந்தேன். காலையில் எழும்பி வேலை கேட்டுக்கொண்டு நிற்கிற சீவன் என் வீட்டில் அது மட்டும் இல்லை.

அந்த வாரமே எங்கள் அடுக்குமாடி வீட்டு நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. நான் வெளியே போனால் நாய் ஊளையிடுகிறதாம், அயலவர் முறையிட்டிருக்கிறார்களாம், ஒரு மாதத்துக்குள் நாயை அகற்றவேண்டுமாம். இரண்டாம் மாடிக் கிழவியை எனக்குத் தெரியும், ஊளையைக் கேட்டு நேரம் குறித்து வைத்தவள் அவள்தான். அது பொய்யும் இல்லை. என்ன செய்யலாம் என்று கேட்கக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போனேன். பண்ணைக்காரி தொங்குகிற வயிற்றைப் பார்த்தாள். பிறகு ஒப்பந்தத்தை எடுத்து அந்த வரியைக் காட்டினாள்.

"விட்டுவிட்டுப் போ" என்றாள்.

நாய்க்காரர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் 'நீ' என்றுதான் கதைப்பார்கள், அது அவர்கள் வழக்கம். எனக்கு அன்றைக்குத்தான் அது சுட்டது. "நான் ஒன்றுமில்லாமல் வந்து ஒரு கொம்பனி கட்டினவன்" என்றேன். "ஒரு நாயைக் கட்டி நிறுத்த எனக்குத் தெரியாதென்று நினைக்கிறாயா? எனக்கு நேரம் தா." கதைத்துக்கொண்டிருக்கும்போதே குரல் உடைந்துவிட்டது. அவள் அதைக் காணாத மாதிரி வாசலில் கிடந்த ஒரு கட்டையைத் தள்ளிவிட்டாள்.

"சனிக்கிழமை காலை ஏழு மணி. கீழ் வயல். மழையென்றாலும் வா. நிர்வாகத்தோடு நான் கதைக்கிறேன். இலையுதிர் காலம் வரைக்கும் பார்க்கலாம். அதற்குப் பிறகும் ஊளையிட்டால் நானே வந்து கூட்டிக்கொண்டு போவேன்."

சனிக்கிழமை வயலில் எட்டுப் பேர், எல்லோரும் பச்சை ஜாக்கெட், கழுத்தில் விசில். மணல் நிரப்பிய துணிப்பொதி ஒன்றைப் புல்லுக்குள் ஒளித்துவிட்டு நாயை அனுப்புவார்கள். அதை டமி என்பார்கள். அவர்களுடைய நாய்கள் போய் எடுத்து வந்தன. என் நாய் வெறிபிடித்த மாதிரி மூலைக்கு மூலை ஓடி, இளைத்து, வெறும் வாயோடு வந்து நின்றது. ஒருவன் ஏதோ சொன்னான், மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு விளங்காது என்று நினைத்திருப்பான். 'அரிசி மூட்டை' என்ற சொல் எனக்கு எந்தப் பாஷையிலும் விளங்கும்.

சோற்றை நிறுத்தினேன். தீவனத்தை அளந்து போட்டேன். ஆனால் தேடுவதைப் பழக்க எனக்கு வழி தெரியவில்லை. ஒருநாள் பின்னேரம் கதிரையில் சாய்ந்திருந்தேன். நாய் எதையோ கொண்டுவந்து என் மடியில் வைத்தது. என் மனைவி குளிருக்குக் காதை மூடிப் போடுகிற கம்பளித் தொப்பி. அவள் போன பிறகு எங்கெல்லாமோ தேடியிருக்கிறேன், சோபாவின் அடியில் கிடந்திருக்கிறது. அந்தக் கம்பளியில் ஒரு பல் அடையாளம் இல்லை, ஓர் இழை இழுபடவில்லை. மேட்டு வீட்டு அம்மா சொன்ன கடிக்காத வாய் இதுதான். நாய்க்கு எல்லாம் இருக்கிறது, ஒழுங்கு மட்டும்தான் இல்லை என்று அப்போது விளங்கியது. ஒழுங்கு எனக்குத் தெரியும். இருபது வருடம் நான் வேறு என்ன செய்தேன்?

ஒரு மண்டபத்தைத் துடைக்கிறவன் மனம்போன இடத்தில் துடைப்பத்தைப் போடமாட்டான். தூரத்துச் சுவரில் தொடங்கி, ஓரத்தை முதலில் இழுத்து, பிறகு குறுக்கே ஒரு கோடு, அதை ஒட்டி அடுத்த கோடு, பின்னால் வந்து வந்து வாசலில் முடிப்பான். ஒரு சாண் விடுபடாது. எங்கள் கொம்பனி பார்த்துவந்த களஞ்சியம் ஒன்று அப்போது வாடகைக்கு ஆளில்லாமல் வெறுமையாகக் கிடந்தது. காவற்காரரிடம் கேட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நாயை அங்கே கொண்டுபோனேன். நான் துடைப்பத்தை இழுக்க இழுக்க அது பக்கத்தில் நடந்தது. ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் ஒரு துண்டு இறைச்சி. பிறகு துடைப்பம் இல்லாமல் கையை மட்டும் காட்டினேன். பிறகு கையும் இல்லாமல் விட்டேன். சொற்கள் எல்லாம் தமிழ். இரு. தேடு. எடு. கொண்டா. விடு. டொச்சில் சொன்னால் எனக்கே என் குரலில் நம்பிக்கை இல்லை, நாய்க்கு எப்படி வரும்? ஈரத் தரையில் அதன் காலடி கோடு கோடாக, ஒன்றை ஒன்று தொடாமல் போயிருந்ததை ஒருநாள் பார்த்தேன். கை தட்டினேன். அவ்வளவு பெரிய மண்டபத்தில் என் கைதட்டு எனக்கே திரும்பி வந்தது.

ஆவணி மாதம் வயலில் மூன்று டமி ஒளித்தார்கள். மற்ற நாய்கள் ஒன்றோ இரண்டோ எடுத்தன. என் நாய் ஓரத்தில் தொடங்கி, காற்றுக்குக் குறுக்கே கோடு போட்டு, மூன்றையும் கொண்டுவந்து தந்தது. அரிசி மூட்டை என்றவன் குனிந்து தன் நாயின் பட்டியைச் சரிசெய்தான்.

"யார் பழக்கியது?" என்று பண்ணைக்காரி கேட்டாள்.

"நான்."

"எங்கே படித்தாய்?"

"வங்கிக் கட்டடத்தில், நாலாம் மாடி துடைக்கும்போது."

அவள் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு களஞ்சியத்துக்கு வந்து, சுவரோரம் நின்று, தொலைபேசியில் படம் எடுத்தாள், கொப்பியில் கோடு கீறி எழுதினாள். எழுதட்டும் என்று நானும் மெதுவாகச் செய்து காட்டினேன். இலையுதிர் காலம் வந்தபோது ஊளை நின்றிருந்தது. வேலை செய்து களைத்த நாய் வீட்டில் தூங்கியது, என் சப்பாத்தின் மேல் தலையை வைத்து. நிர்வாகம் இரண்டு வரியில் கடிதம் போட்டது, நாய் இருக்கலாம் என்று. பண்ணைக்காரி வயலில் என் தோளைத் தட்டி, "இனி இது உன் நாய்" என்றாள்.

அடுத்த வருடம் எனக்கு முழங்காலில் சத்திர சிகிச்சை. ஆறு வாரம் நாயைப் பண்ணைக்காரி பார்த்தாள். அதற்குள் சனிக்கிழமை வயலில் கூடுகிற நாய்க் கழகத்தின் பரீட்சை வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"நாய் தயாராக நிற்கிறது. நான் கொண்டுபோகட்டுமா? ஆனால் நான் டொச்சில் சொன்னால் அசைகிறதில்லை. உன் சொற்களைச் சொல்லித் தா."

கட்டிலில் கிடந்தபடி கத்திக் கத்திச் சொல்லிக் கொடுத்தேன். "கொண்டா. இல்லை, கொன்ட்டா இல்லை, கொண்டா!" சாப்பாட்டுத் தட்டு எடுக்க வந்த எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்ன மாமா, வெள்ளைக்காரிக்குத் தமிழ் ரியூசனோ?"

பரீட்சையில் என் நாய் முதலாவதாக வந்தது. எடு என்றதும் போய், கொண்டா என்றதும் வந்ததாம். நடுவர் அது என்ன பாஷை என்று கேட்டாராம். நான் அந்த நேரம் என் இடுப்பில் கட்டிய பட்டியைத் தாதி பிடிக்க, நடக்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு பத்து வருடம் நாய் என்னோடு இருந்தது. ஒவ்வொரு காலையும் ஏரிக்கரையில் நடந்தோம். வீட்டுக்கு ஆள் வராவிட்டாலும் ஏரிக்கரையில் நாற்பது பேர் காலை வணக்கம் சொல்வார்கள், முதலில் நாய்க்கு, பிறகு எனக்கு. போன மாரிக்கு முதல் மாரி அது செத்தது. இப்போதும் அதே நேரம் அதே கரையில் நடக்கிறேன். அதே ஆட்கள்தான் எதிரே வருகிறார்கள். நாய் இல்லாமல் என்னை ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.

இந்த வருடம் கழகத்தின் குடிலில் சூப் கொடுக்கிற நாளுக்குப் போனேன். சுவரில் பெரிய படம் ஒன்று சட்டம் போட்டுத் தொங்கியது. என் நாய், வாயில் டமி. பக்கத்தில் பண்ணைக்காரி. கீழே மூன்று வரி: பிறப்பித்தவர், பழக்கியவர், பரீட்சையில் நடத்தியவர். மூன்றுக்கும் ஒரே பெயர், அவளுடையது. மேசையில் புதிதாக வருகிறவர்களுக்கான ஒரு சின்னப் புத்தகம். அதில் ஒரு வெறும் மண்டபம், தரையில் கோடு கோடாக நாயின் பாதை. அதற்குக் கீழும் அவள் பெயர்தான். இந்த அளவு டொச் எனக்கு வாசிக்கத் தெரியும்.

அவளிடம் கேட்டேன். அவள் கெட்டவள் இல்லை, முகம் சிவந்துவிட்டது. "பரீட்சைக்குப் பதிந்தது என் பெயரில். கழகம் அப்படித்தான் போடும். நாயும் செத்துவிட்டது, இப்போது எதற்கு?" என்றாள். நான் சூப்பைக் குடிக்காமல் வந்துவிட்டேன். மகளிடம் சொன்னேன்.

"அப்பா, செத்த நாய்க்கு ஆரும் வழக்குப் பேசுவினமோ?"

"நான் நாய்க்குப் பேசேல்லை, பிள்ளை. எனக்குப் பேசுறன்."

அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று தொலைபேசியை வைத்துவிட்டாள்.

ஆகவே எங்கள் சனம் வாசிக்கிற இந்த இதழில் எழுதுகிறேன். நல்ல டொச் தெரிந்த யாராவது இதை டொச்சில் எழுதி அந்தக் கழகத்துக்கு அனுப்பினால் நல்லது. பிறப்பித்தவள் அவள், அந்தப் பெயர் இருக்கட்டும். பரீட்சையில் நடத்தியவளும் அவள், அதுவும் இருக்கட்டும். நடுவில் இருக்கிற வரி என்னுடையது. பழக்கியவர் என்ற இடத்தில் என் பெயரைப் போடவேண்டும், அந்தப் புத்தகத்திலும் போடவேண்டும். சுருக்கக்கூடாது, முழுப் பெயர். அவர்களுக்கு அது நீளமாகத்தான் இருக்கும். சட்டத்துக்குள் இடம் இருக்கிறது. நான் விரலால் அளந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.